துணை நபர் கையெழுத்து

அந்த ஆய்வு நிறுவனத்தில் ஒருவர் வழுக்கி விழுந்தார். பெரிய அடி ஒன்றுமில்லை, முழங்கை சிராய்ந்தது, அவ்வளவுதான். ஆனால் அவர் விழுந்தபோது அந்த அறையில் வேறு யாருமில்லை. விபத்து அறிக்கையில் ‘விழுந்ததை நேரில் கண்டவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தது. காலிக் கட்டத்தோடு ஒரு காகிதம் மேலே போனால் மேலே இருப்பவர்களுக்குத் தூக்கம் வராது. மூன்று மாதம் விசாரணை நடந்தது. தரை ஏன் ஈரமாக இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. விழுந்ததைப் பார்க்க ஏன் ஆளில்லை என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். கடைசியில் சுற்றறிக்கை வந்தது: இனி எந்த ஆய்வகத்திலும் யாரும் தனியாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு அளவீட்டுக்கும் எதிரே ‘துணை நபர் கையெழுத்து’ வேண்டும்.

சுற்றறிக்கை, பூட்டாமல் இருந்த நாற்பது ஆய்வகங்களுக்கும் போனது. முப்பத்தொன்பதில் அதைப் படித்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். நாற்பதாவது ஆய்வகத்தில் பக்கத்து நாற்காலியில் யாருமில்லை. அங்கே ஊறல் மட்டும் இருந்தான்.

ஊறல் என்பது காவலாளி வைத்த பெயர். எப்போது எட்டிப் பார்த்தாலும் எதையாவது தண்ணீரில் ஊறப்போட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறானே என்று வைத்தது. அவன் சாராயம் காய்ச்சுகிறான் என்று நினைத்துக்கொண்டு தனியாக வந்து விசாரித்தவர்களும் உண்டு. அவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டது.

அவன் செய்தது ஹைட்ரோஜெல், தண்ணீரைக் குடித்து வீங்கும் ஒருவகைக் கெட்டிக்கூழ். அக்ரிலிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து, சங்கிலிகளைக் குறுக்கே முடிச்சுப் போட ஒரு சரக்கு, வினையைத் தொடங்கி வைக்க ஒரு சரக்கு என்று சேர்த்து, உள்ளே இருக்கும் ஆக்சிஜன் போகும்வரை நைட்ரஜனைக் குமிழ் விட்டு, அறுபது டிகிரி வெந்நீர்த் தொட்டியில் சோதனைக் குழாயோடு இறக்கி வைப்பான். சில மணி நேரத்தில் உறைந்துவிடும். குழாயை உடைத்து எடுத்து, பிளேடால் வட்டவட்டமாக அரிந்து, ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் மாற்றிக் கழுவி, உலர்த்துவான். உலர்ந்தால் சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும். அதைக் காரத்தன்மையுள்ள நீரில் போட்டால் உள்ளே இருக்கும் அமிலக் குழுக்கள் எல்லாம் ஒரே மாதிரி எதிர்மின்னூட்டம் பெற்று, பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பிகள் மாதிரி ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் விலகும். விலகிய இடத்தில் தண்ணீர் புகும், பொத்தான் வீங்கும். அமிலத்தில் போட்டால் மறுபடி சுருங்கும். இதற்குள் மருந்தை வைத்துவிட்டால் இரைப்பையில் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்து குடலில் போய்த்தான் வாயைத் திறக்கும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ஆறு வருஷத்தில் கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருத்திக்கு வேலை கிடைத்தது, ஒருவன் கடை வைத்தான், ஒருவன் ஒருநாள் டீ குடிக்கப் போனவன் வரவேயில்லை. மூன்று வெள்ளை அங்கிகளும் ஆணியில் அப்படியே தொங்கின. நெறியாளர் இரண்டு வருஷத்துக்கு முன்பு ஏதோ ஓர் ஆணையத்துக்குத் தலைவராகிப் போய்விட்டார். மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்புவார். அதில் ‘தொடர்க’ என்று இருக்கும்.

தொடர்வதற்கு ஒரே ஒரு நாள் வேலைதான் மிச்சம். ஜெல் களைத்துப்போகாமல் திரும்பத் திரும்ப வீங்கிச் சுருங்குகிறதா என்று காட்ட வேண்டும். முக்கால் மணி காரத்தில், முக்கால் மணி அமிலத்தில். இது ஒரு சுழற்சி. இப்படி இடைவிடாமல் ஐந்து. கால் மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்து, மேல் ஈரத்தை வடிதாளில் ஒற்றி, எடை போட்டு, திரும்ப நீரில் விட வேண்டும். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் மாலை ஐந்துக்கு முடியும். அந்த ஒரு வரைபடம் இருந்தால் முனைவர் பட்ட ஆய்வேடு போகும். இல்லாவிட்டால் போகாது. பதிவை ஏற்கெனவே மூன்று முறை நீட்டித்தாகிவிட்டது. வருகிற முப்பதாம் தேதியோடு அது காலாவதி. அதற்குப் பிறகு அவன் ஆறு வருஷம் பொத்தான் ஊறப்போட்ட ஓர் ஆள், அவ்வளவுதான்.

அவன் பாதுகாப்பு அதிகாரியைப் போய்ப் பார்த்தான். அதிகாரி பெரிய அறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார். அலுவலக அறை ஆய்வகம் இல்லை என்பதால் அது குற்றமில்லை.

“சார், எங்க லேப்ல நான் மட்டும்தான் இருக்கேன். துணை நபர் யாரும் இல்ல.”

“அப்படிச் சொல்லக் கூடாது தம்பி. இந்த நிறுவனத்துல யாரும் தனியா இல்ல. தனியா இருக்க இங்க அனுமதியே கிடையாது.”

“ஆனா நான் தனியாத்தான் சார் இருக்கேன்.”

“அப்ப நீங்க லேபுக்குள்ள போகக் கூடாது.”

“வெளியிலயும் தனியாத்தான் சார் இருக்கேன்.”

“வெளியில எங்க அதிகாரம் செல்லாது,” என்றார் அதிகாரி வருத்தத்தோடு. நல்ல மனுஷர். எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

எழுதிக் கொடுத்துவிட்டு அவன் காவலாளியைக் கூப்பிட்டுப் பார்த்தான். காவலாளிக்கு வர ஆசைதான். வெயிலில் நிற்பதற்கு உள்ளே மின்விசிறிக்குக் கீழே உட்காரலாம். ஆனால் துணை நபருக்கு மூன்று நாள் பயிற்சி வேண்டும் என்றார்கள். பயிற்சி நடத்தக் குறைந்தது பத்துப் பேர் சேர வேண்டும். நிறுவனம் முழுக்கத் துணை இல்லாதவன் அவன் ஒருத்தன்தான் என்பதால் பத்துப் பேர் சேர வழியில்லை.

அடுத்து, அந்த மாடியைப் பெருக்கித் துடைக்கும் அக்காவைக் கேட்டான். பதினோரு வருஷமாக அங்கே வேலை செய்கிறவள். எந்தப் பாட்டிலை நகர்த்தலாம், எதைத் தொடக் கூடாது என்று நெறியாளரைவிட அவளுக்குத் தெளிவாகத் தெரியும். அவள் உடனே சரி என்றாள். இருவரும் சேர்ந்து விண்ணப்பம் போட்டார்கள். பதில் ஒரே நாளில் வந்தது, அந்த நிறுவனத்தில் அது ஒரு சாதனை. விதி இரண்டு, உட்பிரிவு மூன்றின்படி ‘நபர்’ என்றால் நீலப் பட்டை அடையாள அட்டை வைத்திருப்பவர். விண்ணப்பத்தில் கண்டவர் ஒப்பந்தக்காரரின் மஞ்சள் அட்டை வைத்திருப்பதால் அவர் நபர் அல்ல.

அக்கா அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். “எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு தம்பி. இப்ப எழுத்துல குடுத்துட்டாங்க,” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பிறகு அவன் விஷயத்தை ஆராய ஒரு குழு போட்டார்கள். ஐந்து பேர். அவர்கள் நேரில் பார்வையிட வருகிற தேதி தெரிந்ததும் ஊறலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐந்து பேர், ஐந்து நீல அட்டைகள். காலை ஒன்பதரைக்கு வந்தார்கள், ஒன்பதரைக்கே பொத்தானைக் காரத்தில் விட்டான். குழு பேசட்டும், நிறையப் பேசட்டும் என்று வேண்டிக்கொண்டான். முதல் அளவீடு அழகாக வந்தது. தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க ஒரு அடிப்படைத் தவறு பண்றீங்க. நாங்க குழு. குழுங்கறது ஒரு அமைப்பு. அமைப்பு எப்படி நபர் ஆகும்? இங்க முப்பது வருஷமா இருக்கேன். எந்த விஷயத்துலயும் நான் தனிப்பட்ட முறையில இருந்ததே கிடையாது.”

சொல்லிவிட்டு அவர் ஆர்வத்தோடு ஜெல்லை இரண்டு விரலால் எடுத்தார். “நல்லா மெத்துனு இருக்கே,” என்று அழுத்திப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார். அவரும் அழுத்தினார். ஐந்தாவது ஆள் தன் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். ஆறு கிராம் இருந்தது நாலு கிராமாகிவிட்டது. அந்த முறை செய்ததில் மிஞ்சியிருந்த கடைசிப் பொத்தான் அது; ஊறல் அதைக் குப்பையில் போட்டான். அடுத்ததைச் செய்ய, கழுவ, உலர்த்த இன்னும் பதினைந்து நாள்.

குழு பரிந்துரை செய்தது. பக்கத்துக் கட்டடத்தில் பூஞ்சை வளர்க்கும் ஒருவர் இருந்தார். அவருடைய உதவியாளர் அப்போதுதான் வேலையை விட்டிருந்தார். இனி இவனுக்கு அவர் துணை, அவருக்கு இவன் துணை. ஒரு மணி நேரம் அவர் இங்கே, அடுத்த ஒரு மணி நேரம் இவன் அங்கே. ஜெல் முறை வைத்துக்கொண்டு வீங்காது என்று ஊறல் சொன்னான். அது அறிவியல் பிரச்சினை, அறிவியல் துறையில் கேளுங்கள் என்றார்கள்.

ஒரு மனுஷர் வருகிறாரே என்பதில் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். முதல் நாள் இரண்டு கப் காபி வாங்கி வைத்திருந்தான். பூஞ்சைக்காரர் வந்து உட்கார்ந்தார். கைபேசியில் தன் பூஞ்சைத் தட்டுகளின் நேரலையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அதையே பார்த்தார். காபி ஆறியது. “அது பத்திரமா இருக்கா?” என்று ஊறல் ஒருமுறை கேட்டான். “ம்,” என்றார். அந்த ஒரு மணி நேரத்தில் பேசியது அவ்வளவுதான். அவர் போன பிறகு, அவர் வருவதற்கு முன்பு இருந்ததைவிட அறை பெரிதாகத் தெரிந்தது. ஒன்பதாம் நாள் காரநீர்ப் பாட்டிலுக்குள் வெள்ளையாக முடி முளைத்திருந்தது. பூஞ்சைக்காரரின் சட்டைக் கையில் வந்தவை குடியேறிவிட்டன. இருவரையும் பிரித்து வைக்க உத்தரவு வந்தது. ஊறலுக்கு அதில் வருத்தம் இல்லை. வருத்தம் இல்லையே என்றுதான் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் பண்ணினார். அவர் தையல்காரர். பின்னணியில் மெஷின் ஓடும் சத்தம் எப்போதும் கேட்கும்.

“அந்தக் கொழகொழா முடிஞ்சுதாடா?”

“ஒரு நாள் வேலைதான்பா பாக்கி.”

“ஒரு மாசமா ஒரு நாள் வேலைன்னு சொல்ற.”

“கூட ஒரு ஆள் இருக்கணும்பா. அதான் கிடைக்கல.”

மெஷின் சத்தம் நின்றது. “நான் வேணா வந்து உக்காரவா? சும்மா உக்காரதுதான? என்னால முடியும்.”

பார்வையாளர் அட்டை பச்சை நிறம் என்று அவனுக்குத் தெரியும். “வேண்டாம்பா, பாத்துக்கலாம்,” என்றான். போனை வைத்த பிறகு வெகுநேரம் எதையும் ஊறப்போடாமல் உட்கார்ந்திருந்தான்.

இருபத்தொன்பதாம் தேதி நிறுவனத்தின் பாதுகாப்பு நாள் வந்தது. முந்தின வாரம் பாதுகாப்பு அதிகாரியே நேரில் வந்து ஊறலின் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்த்தார். மற்ற ஆய்வகங்களில் ஆட்களும் சாமான்களும் நிறைந்து கிடந்தன, இங்கேதான் இடம் இருந்தது. அதனால் இதையே முன்மாதிரி ஆய்வகமாக அறிவித்து விழாவையும் இங்கேயே வைக்கலாம் என்று முடிவானது. நாற்பது நாற்காலி வந்தது. மைக் வந்தது. ‘இங்கே யாரும் தனியாக இல்லை’ என்று ஒரு பதாகை வந்தது. அதைக் கட்ட ஆணி தேவைப்பட்டதால் மூன்று வெள்ளை அங்கிகளையும் எடுத்து மூலையில் வைத்தார்கள்.

ஊறல் புதிதாகச் செய்த பொத்தானை எடுத்து வைத்தான். ஒன்பதரை மணிக்கு, இயக்குநர் நாடாவை வெட்டிய அதே நேரத்தில், ஓரத்து மேசையில் பொத்தானைக் காரத்தில் விட்டான்.

கையெழுத்துக்கு அவன் ஒரு வழி யோசித்து வைத்திருந்தான். அளவீட்டுத் தாளை ஓர் அட்டையில் செருகிப் பேனாவோடு முதல் வரிசையில் கொடுத்தான். வருகைப் பதிவு என்று நினைத்து ஒவ்வொருவரும் ஒரு கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் தள்ளினார்கள். இயக்குநர் மேடையிலேயே வாங்கிப் போட்டார். குழுத் தலைவர் போட்டார். பூஞ்சைக்காரர் போட்டார். ஒருவரும் தலை நிமிர்ந்து ஓரத்து மேசையைப் பார்க்கவில்லை. ஊறல் ஒற்றினான், எடை போட்டான், எழுதினான்.

இயக்குநர் பேசினார். “கடந்த ஆண்டு நம் நிறுவனத்தில் சாட்சியோடு பதிவான விபத்துகளின் எண்ணிக்கை பூஜ்யம். இது சும்மா வந்துவிடவில்லை. பதினாறு ஆய்வகங்களை முழு ஆண்டும் பூட்டியே வைத்திருந்தோம். அங்கே ஒருவருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. மீதி நாற்பதையும் அந்த நிலைக்கு உயர்த்துவதே நம் இலக்கு. ஆராய்ச்சி நடக்கிற இடத்தில் ஆபத்து இருக்கும். ஆபத்து இல்லாத இடமாக இதை மாற்றக் கடைசி மூச்சு வரை பாடுபடுவேன்.”

கைதட்டினார்கள். பொத்தான் இரண்டாம் முறை வீங்கிக்கொண்டிருந்தது.

பிறகு உறுதிமொழி, தீயணைப்புக் கருவியைத் தூக்கிக் காட்டுதல், மதியச் சாப்பாடு அங்கேயே, முதலுதவி விளக்கம், நன்றியுரை, நன்றியுரை சொன்னவருக்கு நன்றி. மூன்றரை மணிக்கு நான்கு சுழற்சி முடிந்திருந்தது. கோடு பாடப்புத்தகத்தில் வரைந்த மாதிரி ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்திருந்தது. ஐந்தாவதற்குப் பொத்தானைக் காரத்தில் விட்டான். அப்போது யாரோ கீழே டீ வந்துவிட்டது என்றார்கள். ஒரு நிமிஷத்தில் நாற்பது நாற்காலியும் காலி.

காவலாளி வாசலில் வந்து நின்றான். “ஊறல், எல்லாரும் போயிட்டாங்க. நீயும் வெளிய வந்துடு. பூட்டணும்.”

“ஒன்றரை மணி நேரம்ணே. அவ்வளவுதான்.”

“தனியா விடக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. என் வேலைக்கு உலை வெச்சுடாத.”

அப்போது பெருக்கும் அக்கா காகிதக் கப்புகளைப் பொறுக்கக் கோணிப்பையோடு உள்ளே வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள். “தனியா எங்க இருக்கு? நான் ஒருத்தி நிக்கிறேனே,” என்றாள். காவலாளி யோசித்தான். சுற்றறிக்கையில் இதற்குப் பதில் இருக்கலாம், ஆனால் கீழே டீ ஆறிக்கொண்டிருந்தது. அவன் போய்விட்டான்.

அக்கா ஒரு நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “இதத்தான் ஆறு வருஷமா பாத்துட்டு இருக்கியா?”

“ஆமாக்கா.”

“ஏதாவது பேசுமா?”

அவன் சிரித்துவிட்டான். அந்த அறையில் தன் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. எப்படி வீங்குகிறது, ஏன் சுருங்குகிறது என்று அவளுக்குச் சொன்னான். “புளிப்பு பட்டா சுருங்கிக்கும், இல்லன்னா உப்பிக்கும். எங்க வீட்டுக்காரருக்கு நேர்மாறு,” என்றாள். மகள் பத்தாம் வகுப்பு படிப்பதையும், கணக்கு மட்டும் வராமல் படுத்துவதையும் சொன்னாள். அவன் அப்பாவின் தையல் மெஷினைப் பற்றிச் சொன்னான். சாதாரணப் பேச்சுதான். ஆனால் அவனுக்கு நன்றாக இருந்தது, மிக நன்றாக இருந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஓர் அளவீட்டை ஒரு நிமிஷம் தாமதமாக எடுத்தான்.

ஒவ்வொரு அளவீட்டுக்கும் அவளே கையெழுத்துப் போட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாக, கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதினாள். போடுவதற்கு முன்பு எடைக்கருவியில் எண்ணைப் படித்துச் சரிபார்த்தாள். காலையிலிருந்து தாளில் விழுந்த கையெழுத்துகளில் எண்ணைப் பார்த்துவிட்டுப் போட்டவை அந்த ஆறு மட்டும்தான்.

முப்பதாம் தேதி காலை ஆய்வேட்டோடு தாளையும் எடுத்துக்கொண்டு போனான். ஆய்வேடு உள்ளே போக முத்திரை குத்த வேண்டிய பாதுகாப்பு அதிகாரி தாளைப் பார்த்தார். இயக்குநரின் கையெழுத்தைக் கண்டதும் எழுந்து நின்று மீதியைப் படித்தார். கடைசி ஆறு கட்டங்களுக்கு வந்ததும் உட்கார்ந்தார்.

“இது யாரு?”

“பெருக்குற அக்கா சார். கூட இருந்தாங்க.”

“அவங்க நபர் இல்லன்னு நானே எழுதிக் குடுத்தேனே.”

“ஆனா இருந்தாங்க சார். முழு நேரமும் இருந்தாங்க.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “இங்க பாருங்க தம்பி. உங்க மேல எனக்குக் கோபமில்ல. இல்லாத ஒரு நபரை இருந்ததா காட்டினா அது போலி ஆவணம். பதிவு இன்னைக்கே ரத்து. அதே நேரத்துல நீங்க தனியா இருந்தீங்கன்னா அது சாதாரண விதிமீறல். அதுக்கு மன்னிப்புப் படிவம் இருக்கு, நம்பர் பதினொண்ணு. மன்னிக்கறதுக்குன்னே அச்சடிச்சு வெச்சிருக்கோம், எந்த நிறுவனத்துல இப்படிச் செய்வாங்க சொல்லுங்க. அந்தக் கையெழுத்தையெல்லாம் அடிச்சுட்டு, தனியா இருந்தேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. பத்து நிமிஷத்துல ஆய்வேடு உள்ள போயிடும்.”

“அவங்க இருந்தாங்க சார்,” என்றான் அவன் மறுபடி.

“இருந்திருப்பாங்க. அதை யாரு இல்லன்னா? எழுதக் கூடாதுங்கறேன், அவ்வளவுதான்.”

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று. அலுவலகம் பன்னிரண்டுக்கு மூடும். அவன் ஆறு வருஷத்தை நினைத்தான், நிறுத்திய தையல் மெஷினை நினைத்தான். வேறு எதையும் நினைக்காமல் இருக்கப் பார்த்தான். பிறகு பேனாவை எடுத்து அந்த ஆறு பெயர்களையும் ஒவ்வொன்றாக அடித்தான். ஒவ்வோர் அடித்தலுக்கும் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து வேண்டும் என்றார் அதிகாரி, போட்டான். படிவம் பதினொன்றில் எழுதினான்: ‘நேற்று மாலை மூன்றரை மணி முதல் ஐந்து மணி வரை ஆய்வகத்தில் நான் தனியாக இருந்தேன்.’

அதிகாரி முத்திரை குத்தினார். கை கொடுத்து வாழ்த்துச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு அவன் வெளியே வந்தான்.

நடைக்கூடத்தில் அக்கா துடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள்.

“முடிஞ்சுதா தம்பி?”

“முடிஞ்சுதுக்கா.”

“என் கையெழுத்து செல்லுச்சா?”

“செல்லுச்சுக்கா,” என்றான்.

அவள் முகமெல்லாம் மலர்ந்தது. “எம் பொண்ணுகிட்ட நேத்தே சொல்லிட்டேன், ஆராய்ச்சில என் பேரு போகுதுன்னு. அவ நம்பல. இனிமே எப்பவாவது ஆளு வேணும்னா கூப்பிடு, நான் இங்கதான இருப்பேன்.”

“சரிக்கா,” என்று சொல்லிவிட்டு, ஈரத்தரையில் கால் வைக்காமல் ஓரமாக நடந்து போனான்.